நாலு தராசும் ஒரு மஞ்சள் காரும்

மூன்று பேர் தள்ள, மஞ்சள் கார் ருவான்வெல்லை பஜாருக்குள் உருண்டு வந்தது. மூன்று பேர் போதும். அவ்வளவு லேசான கார்.

ஓட்டிக்கொண்டு வர சட்டம் இடம் தரவில்லை. பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி, கூரையைக் கழற்றி, பின்சீட்டைக் கழற்றி, தகரம் இருந்த இடத்திலெல்லாம் ஃபைபர் வைத்து, சஜீதா அதை இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காராக மாற்றியிருந்தாள். இப்படி மாற்றிய காரை மோட்டார் பரீட்சகர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை ரோட்டில் ஓட்டவும் முடியாது, இன்னொருவர் பெயருக்கு விற்கவும் முடியாது.

வாங்க ஆள் தயாராக இருந்தார். தெஹியோவிட்டவில் பல் கிளினிக் நடத்தும் டாக்டர் துஷாந்தினி. முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார், பதிவுப் புத்தகத்தில் தன் பெயர் ஏறினால்தான் கார், பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் ஓட்டித் திரிகிற ஆள் தான் இல்லை என்று. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் இதே மாதிரி கார் கேட்டுக் காத்திருந்தார்கள். இன்று கையெழுத்து விழுந்தால் சஜீதாவின் கராஜ் கார் செய்து விற்கும் இடம். விழாவிட்டால் மறுபடியும் பஞ்சர் ஒட்டும் இடம்.

பரீட்சகர் காலையிலேயே வந்துவிட்டார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பிரேக், லைட், சீட் பெல்ட், சைலன்ஸர் சத்தம் எல்லாவற்றையும் பார்த்தார். குறை இல்லை. பாக்கி இருந்தது எடை மட்டும். அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோ என்று சஜீதா விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். ஐந்து கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கையெழுத்து இல்லை என்று அவர் சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார்.

எஸ்டேட் பெக்டரியின் லொறித் தராசு இருபது இருபது கிலோவாகத்தான் நகரும். ஐந்து கிலோவை அது எங்கே பிடிக்கப் போகிறது? சஜீதா யோசிக்கவே இல்லை. பஜாரில் ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்குக் கடை தட்டுத் தராசு இருக்கிறது, எல்லாம் அரசாங்க முத்திரை போட்டது, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு வைத்தால் ஆச்சு என்றாள். பரீட்சகருக்கு அது பிடித்துப்போயிற்று.

கபூர் நானா கடையிலிருந்து ஒன்று வந்தது. எதிர்க் கடைகள் இரண்டிலிருந்து ஒவ்வொன்று. நாலாவதற்கு பரீட்சகர் தானே கையைக் காட்டினார். காட்டியது அப்லாலின் கடையை.

அப்லால் வாசலில்தான் நின்றிருந்தார். ரப்பர் கடைக்குப் பக்கத்திலேயே அவருக்குக் கார் விற்கும் கடையும் உண்டு. கார் இறக்குமதித் தடை நீங்கியதும் ஜப்பானிலிருந்து சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இறக்கினார். வரியோடு சேர்த்து விலையைக் கேட்டவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சஜீதாவின் காரில் சேஸியை வெட்டி ஒட்டியிருக்கிறது என்று புகார் போட்டவரும் அவர்தான். அதை அவர் மறைக்கவும் இல்லை.

தராசைக் கேட்டதும் அவர் கொஞ்சம் தயங்கினார். இன்று நிறைய ஷீட் வந்திருக்கிறது, வேலை கெட்டுவிடும் என்றார். பரீட்சகர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். ஷீட் கட்டோடு வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். தராசு வெளியே வந்தது.

பலகை சரித்து, காரை மேலே ஏற்றி, மட்டம் பார்த்து நிறுத்தினார்கள். முன் சக்கரம் இரண்டும் நூற்றுமுப்பது, நூற்றுமுப்பது. பின்னால் இடது பக்கம் நூற்றெழுபத்தாறு. வலது பக்கம், அப்லாலின் தராசில், நூற்று அறுபத்தொன்று.

பரீட்சகர் பேனாவை மூடினார்.

விதுர்ஷனுக்கு முகம் செத்துவிட்டது. அந்தக் காரின் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிய மெக்கானிக் அவன். "அக்கா, பதினஞ்சு கிலோ குறையுது. எப்படிக்கா?"

அப்லாலுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி பரீட்சகரிடம் பேசினார். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் லேசு, சேஸி கோணலாக இருந்தால் இப்படித்தான் வரும், தான் புகாரில் எழுதிக் கொடுத்தது பொய்யா என்று கேட்டார். பிறகு சஜீதா பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, என்ட தராசு பஜாரிலேயே நம்பர் வன். அதில பொய் வராது."

டாக்டர் துஷாந்தினி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். புறப்படுகிறவர் மாட்டுகிற மாதிரி.

சஜீதா காரைப் பார்க்கவில்லை. தராசைப் பார்த்தாள்.

"சரி நானா. நம்பர் வன் தராசுதானே? அப்ப இடது பக்கம் வைப்போம். அங்க இருக்கிறதை இங்க வைப்போம். கார் கோணல்னா கோணல் அதே பக்கம்தானே இருக்கணும்?"

அப்லால் தராசின் பக்கம் ஓரடி வைத்தார். பரீட்சகர் தலையை மட்டும் அசைத்தார். விதுர்ஷன் ஏற்கெனவே ஜாக்கோடு குனிந்துவிட்டான்.

தராசுகள் இடம் மாறின. கார் மறுபடி இறங்கியது.

வலது பக்கம் நூற்றெழுபத்தாறு. இடது பக்கம், அப்லாலின் தராசில், நூற்று அறுபத்தொன்று.

வரிசையில் முன்னால் நின்ற சுப்பம்மா தலையிலிருந்த ஷீட் கட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். தோட்டத்துக்குப் பக்கத்தில் அரை ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவள். வாராவாரம் அந்தத் தராசில் நிறுத்து அப்லாலுக்குத்தான் விற்பாள்.

"கார் கோணல் இல்லீங்க மொதலாளி," என்றாள். "அது நல்லாத்தான் நிக்குது. நாங்கதான் இத்தன வருஷம் கோணலா நின்னுருக்கோம்."

சிரிப்பு பஜார் முழுக்கப் பரவியது. அப்லால் மட்டும் சிரிக்கவில்லை. காலையில்தான் தராசு கீழே விழுந்தது என்றார். பரீட்சகர், தராசுக்கு முத்திரை போடும் காரியாலயத்து ஆட்கள் வரும்வரை அந்தத் தராசில் யாரும் ஒன்றும் நிறுக்கக் கூடாது என்று சொல்லி ஓரமாக வைக்கச் சொன்னார். கபூர் நானா உள்ளே ஓடிப்போய்த் தன் இன்னொரு தராசைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

நாலையும் கூட்டினால் அறுநூற்றுப் பன்னிரண்டு.

பரீட்சகர் பேனாவைத் திறந்தார். காரின் பானட்மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, இந்தக் காரில் மழை பெய்தால் என்ன செய்வது என்று சிரிக்காமல் கேட்டார். ஓயாமல் மழை பெய்யும் சபரகமுவையில் பிறந்த எவருக்கும் வருகிற கேள்விதான். நனையிறதுதான் என்று துஷாந்தினியே சிங்களத்தில் பதில் சொன்னார். கைப்பை அதற்குள் பக்கத்து சீட்டில் கிடந்தது.

அடுத்த வாரம் புத்தகத்தில் துஷாந்தினியின் பெயர் ஏறியது. காரை எடுத்துப்போக அவர் பஸ்ஸில் வந்திறங்கினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே சீறலில் எழுந்தது.

இருபது யார் தூரம் போனதும் கார் நின்றுவிட்டது. கபூர் நானா கடை வாசலிலிருந்து ரோட்டின் பாதி வரைக்கும் ஷீட் கட்டுகளும் ஆட்களும். அப்லால் கடைக்கு முன்னால் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சிவப்புக் கார் அப்படியே இருந்தது.

துஷாந்தினி ஹோர்ன் அடிக்கவில்லை. சுப்பம்மா ஷீட் கட்டை நகர்த்தி வழிவிட்டு, போகிற போக்கில் காரின் பக்கத்தை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள். மஞ்சள் கார் அவிசாவளை ரோட்டில் திரும்பியது, சத்தம் வளைவுக்கு அப்பாலும் கொஞ்ச நேரம் கேட்டது.

"அடுத்தது என்ன கலர்க்கா?" விதுர்ஷன் கேட்டான்.

"சிவப்பு," என்றாள் சஜீதா.