குழாய் திறந்த நேரத்தில் பரீட்சை

தாராவிச் சந்தில் குழாய்த் தண்ணீர் வந்த அதே நேரத்தில் நுஸ்ரத்தின் மொபைலில் தேர்வும் தொடங்கிவிட்டது. செம்பூர் கிளினிக் ஒன்றில் ரிசப்ஷன் வேலைக்கான தேர்வு. திரையில் வரும் ஒவ்வொரு ஆங்கில வாக்கியமும் எந்த டென்ஸ் என்று சொல்ல வேண்டும். நடுவில் எழுந்தால் மறுவாய்ப்பு கிடையாது.

“ஏளா, ட்ரம்மு காலியா கெடக்கு. ஒங்க மாமிக்கு என்ன பதிலு சொல்லுவ?” வாசலில் நின்று கத்தினாள் பக்கத்து வீட்டு ஷமீமா.

“நீ ஒனக்குப் பிடிச்சிட்டுப் போ லாத்தா. எனக்குப் பரீட்சை.”

“தண்ணியவிடப் பெரிய பரீட்சையா?”

நுஸ்ரத் கதவைத் தாழிட்டாள். ‘ஷி ஹேஸ் பீன் வெயிட்டிங்’ என்றது திரை. ஆறு மாதமாகப் பை தைத்துக்கொண்டே மனப்பாடம் செய்தவள் அவள். ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ்’ என்ற விடையைத் தயங்காமல் தொட்டாள். வெளியே குடங்கள் மோதின. யாரோ யாரையோ இந்தியில் திட்டினார்கள். அவள் நிமிரவே இல்லை. குழாய் வெறும் காற்றைத் துப்பியபோது கடைசி வாக்கியமும் முடிந்திருந்தது. ‘பாஸ், நாளை இன்டர்வியூ’ என்றது திரை.

கடைக்குப் போயிருந்த மாமியார் சைனப் வந்ததும் ட்ரம்மைத் தட்டிப் பார்த்தாள். “சொட்டுத் தண்ணியில்லையே?”

“பரீட்சை பாஸாயிட்டேன் மாமி.”

“அத வச்சு சோறாக்க முடியுமா?”

“முடியாதுதான்.” நுஸ்ரத் இரண்டு கேன்களை எடுத்துக்கொண்டாள். “மாஹிம் பக்கம் இப்பத்தான் தண்ணி விடுவான். போய்த் தூக்கிட்டு வாரேன். ஆனா நாளைக்கு நீங்கதான் பிடிக்கணும். இன்டர்வியூவுக்கு நான் செம்பூர் போவணும்.”

சைனப் காலி ட்ரம்மையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எத்தன மணிக்குப் போவணும்?” என்றாள்.