வீட்டுக் கடனுக்கு நாலு வரி

மூன்று தடவை வங்கிப் படி ஏறியும் டைல்ஸ்காரனுக்குக் கடன் பெயரவில்லை. பதினோரு வருஷமாகச் சொந்தக் காண்ட்ராக்ட், கீழே நாலு ஆள். மாதச் சம்பளக்காரனைப் போல இரண்டு மடங்கு சம்பாதிக்கிறான். ஆனாலும் கடன் பிரிவிலிருந்த அம்மாள் விடவில்லை.

"சம்பாதிக்கிறீங்க, சரி. அதை யார் எழுதிக் குடுப்பாங்க?"

எழுதித்தர வேண்டியவர் பில்டர்தான். மூன்று வருஷமாக அவருடைய அடுக்குமாடிகளுக்கெல்லாம் தரை போடுகிறவன் இவன். கூலி மொத்தமும் ரொக்கமாகக் கையில். ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. வருஷத்துக்கு இவ்வளவு வேலை கொடுக்கிறேன் என்று அவர் நாலு வரி எழுதி முத்திரை வைத்தால் போதும். வெள்ளிக்கிழமைக்குள் கடன் மனு வங்கியில் ஏறாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக வீட்டை விற்கிறவர் சொல்லியிருந்தார்.

வியாழன் காலை சைட் ஆபீஸுக்குப் போனான். அங்கே சூப்பர்வைசராக இருந்த மச்சினன், மனைவியின் தம்பி, வாசலிலேயே மறித்தான்.

"இன்னிக்கு வேணாம் மாமா. அவர் மூஞ்சி சரியில்ல."

"என்னிக்கு மாப்ள சரியா இருந்துச்சு?"

அது உள்ளே கேட்டுவிட்டது. டைல்ஸ்காரன் உள்ளே போய்க் கடிதம் கேட்டான். பில்டர் சிரித்துக்கொண்டேதான் பேச்சை எடுத்தார். "கையில வாங்கினதுக்கு எழுத்து கேக்குறியா? வரிக்காரன் வந்து என் கழுத்தைப் பிடிக்கவா?"

"நாலே வரி சார். வேற ஒண்ணும் கேக்கல."

"தரை போடுறவனுக்குத் தரையே போதும்டா. சொந்த வீடு எதுக்கு?"

அவர் சட்டையைத் தான் பிடித்திருப்பது டைல்ஸ்காரனுக்கே அப்புறம்தான் தெரிந்தது. அதற்குள் டிரைவரும் வாட்ச்மேனும் பாய்ந்துவிட்டார்கள். முதல் குத்தில் பல் ஒன்று போனது. கம்பியால் முதுகில் இரண்டு போட்டு, வெளியே இழுத்து ஜல்லிக் குவியலில் எறிந்தார்கள். அவன் மெல்ல எழுந்தான். ரத்தத்தைத் துப்பினான். சுவரோரம் கிடந்த சம்மட்டியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினான்.

வாங்க வருகிறவர்களுக்குக் காட்டும் மாதிரி வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. மூன்று வாரம் முட்டி தேய அவன் போட்ட வெள்ளைத் தரை. ஓங்கி அடித்தான். சில்லுகள் முகத்தில் தெறித்தன. ஒவ்வொரு அடிக்கும், "தரையா போதும்? தரையா போதும்?" என்று கத்தினான்.

மச்சினன் ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். டைல்ஸ்காரன் உதறினான். மச்சினன் வழுக்கி விழுந்து தரையில் கையை ஊன்றினான். ஓங்கிய சம்மட்டி நிற்கவில்லை.

அந்தச் சத்தம் டைல்ஸ் உடைகிற சத்தம் இல்லை.

பில்டர் போனும் கையுமாக மேலே வந்தார். "போலீஸைக் கூப்பிடுறேன்!"

மச்சினன் நசுங்கிய வலது கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். "கூப்பிடுங்க சார். யாருக்கு எவ்வளவு கையில குடுத்தீங்கன்னு மூணு வருஷக் கணக்கு நோட்டு என் வீட்டுலதான் இருக்கு. இல்லேன்னா, நான் படியில விழுந்தேன்னு வெச்சுக்குவோம். மாமாவுக்கு லெட்டரைக் குடுங்க."

டைல்ஸ்காரன் சம்மட்டியைப் போட்டுவிட்டு, "எனக்கு ஒரு மண்ணும் வேணாம், வா மாப்ள ஆஸ்பத்திரிக்கு," என்று அழுதான். மச்சினன் அசையவில்லை. பில்டர் கடிதம் எழுதி முத்திரை வைக்கும்வரை, இருபது நிமிஷம், அங்கேயே நின்றான்.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் பார்க்க, மனைவி டைல்ஸ்காரனை அறைந்தாள். "வீடுதான கேட்டேன்? என் தம்பி விரலையா கேட்டேன்?"

வெள்ளிக்கிழமை கடிதத்தை வங்கிக்குக் கொண்டுபோனவளும் அவள்தான். ஐந்து வாரத்தில் கடன் வந்தது. மச்சினனுக்கு வேலை போனது. டைல்ஸ்காரன் தன் காண்ட்ராக்டில் அவனைச் சரிபாதி பங்காளியாக்கினான். அப்படிச் செய்யச் சொன்னவளும் அவள்தான், புருஷன் முகத்தைப் பார்க்காமல்.

புது வீட்டுக்குக் குடிபோன அன்று மச்சினன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் டம்ளர் அவன் கையிலிருந்து நழுவி உருண்டது. டைல்ஸ்காரன் பதறிக் குனிந்தான்.

"விடுங்க மாமா," என்றான் அவன். "பழகணும்ல."