ஓரக்குறிப்பை அழிக்கலாமா?

1

இந்தக் கதை எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைத்தது. கடைக்காரர் என் கண்ணைச் சோதித்தபடியே சொன்னார். ஒரு கண்ணை மூடியிருந்ததால் பாதிதான் கேட்டது. மீதியை நானே போட்டுக்கொண்டேன்.

அவர் மனைவி இயற்பியல் டீச்சர். படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்கு இணையத்தில் பாடம் நடத்துகிறார்.

2

'மேகம் சூழ்ந்த ஒரு காலையில் டீச்சர், தன்…'

(வேண்டாம். மேகத்துக்கு இங்கே என்ன வேலை?)

பாடம் திரையில் இருக்கும். யாரும் எந்த வரியிலும் மஞ்சள் பூசி ஓரத்தில் குறிப்பு எழுதலாம். அதை 'எனக்கு மட்டும்' என்றும் வைக்கலாம், 'எல்லோருக்கும்' என்றும் வைக்கலாம். பேருந்து வளைவில் திரும்பும் பத்தியில் டீச்சர் தனக்கென்று எழுதினார்: “வெளியே தள்ளுற விசையே இல்லேங்குது புத்தகம். அப்ப யாருதான் தள்ளுறா? எனக்கே விளங்கல. யாரும் கேக்கலேன்னா தாண்டிடலாம்.”

'எனக்கு மட்டும்' என்று பொத்தானை மாற்ற மறந்துவிட்டார். காலையில் அதன் கீழே பதினெட்டுப் பதில்கள்.

3

“அப்பாடா மிஸ்! என் மண்டைதான் காலின்னு நெனச்சேன்” என்று வகுப்பில் படிக்கும் நர்ஸ் ஒருவர் எழுதியிருந்தார்.

“கேக்கலாம்னுதான் இருந்தேன். தப்பிச்சீங்க” என்றார் இன்னொரு மாணவரான தையல்காரர்.

கடைசிப் பதில் பேருந்து ஓட்டுநருடையது. நான்கு மாதமாக வாயையும் திறக்காதவர், ஓர் எழுத்தும் எழுதாதவர்.

(இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பக்கத்தில் தேநீர் வைத்து ஓட்டி, ஒரு சொட்டுச் சிந்தாதவர். சரி, ஒரு தடவை சிந்தியது. அப்போது வண்டி நின்றுகொண்டிருந்தது.)

“யாரும் தள்ளல டீச்சர். ஆளு நேராத்தான் போறான். பஸ்தான் திரும்புது. கம்பியப் பிடிச்சா கம்பி அவன உள்ள இழுக்குது. தெனம் கண்ணாடில பாக்குறேன்.”

டீச்சர் மூன்று முறை படித்தார். விளங்கிவிட்டது.

4

பத்து மணிக்குப் பள்ளி முதல்வர் இணையத்தில் வகுப்பைப் பார்க்க வருகிறார். அடுத்த பருவமும் இந்த வகுப்பு டீச்சருக்கா, வேறொருவருக்கா என்று இன்றைக்கு முடிவு.

“அழிச்சுத் தொலைம்மா. ஒரு தட்டுத் தட்டினாப் போச்சு” என்றார் கணவர்.

“என் குறிப்ப அழிச்சா கீழ இருக்கிற பதிலெல்லாம் சேர்ந்து போயிடும்ங்க.”

“மறுபடி எழுதச் சொல்லேன்.”

“அந்த மனுஷன் மறுபடி எழுதுவாரா?”

கணவர் கண்ணாடி துடைக்கும் துணியால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

5

முதல்வரைக் கடுகடுப்பானவராக எழுதிப் பார்த்தேன். பிறகு சிரிக்க வைத்தேன். அது இன்னும் பயமாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

முடிவு ஒன்று: டீச்சர் அழிக்கிறார், வேலை நிலைக்கிறது, ஓட்டுநர் பழையபடி… (எழுதும்போதே என் கை சோர்ந்தது. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: முதல்வர் பாராட்டி மேடையேற்றிச் சால்வை… (இதை நானே நம்பவில்லை. நானோ எதையும் நம்புகிறவன்.)

நடந்தது இவ்வளவுதான். டீச்சர் அழிக்கவில்லை. பத்து மணிக்கு, “இந்தப் பத்தி நேத்து வரைக்கும் எனக்கும் தெரியாது. அண்ணே, நீங்க சொல்லுங்க” என்றார். ஓட்டுநர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். டீச்சர் குறிப்பெடுத்தார். அன்றைக்கு அந்த வீட்டில் அவரைவிட நிம்மதியானவர் யாரும் இல்லை.

அப்போது அந்த வரியின்மேல் புதிதாகப் பச்சை நிறம் படர்ந்தது. ஓரத்தில், 'முதல்வர் எழுதுகிறார்' என்று வந்தது.

என்ன எழுதினார் என்று கேட்பதற்குள் கடைக்காரர் என் இன்னொரு கண்ணை மூடிவிட்டார். பக்கத்தின் ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதுங்கள். எல்லோரும் பார்ப்பார்கள், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.