ஐந்து பத்துக்கு எடுத்த எலுமிச்சை சாதம்

ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட்டால் காஞ்சனாவின் வேலை போய்விடும். போடாவிட்டால் என் வேலை போய்விடும் என்று எங்கள் லேப் முதலாளி வரதராஜுலு வாய்விட்டுச் சொல்லவில்லை. "கொஞ்சம் யோசிம்மா ஷீபா" என்றார். அவர் யோசிக்கச் சொன்னால் யோசிக்காதே என்று அர்த்தம்.

எங்கள் லேப் ஒரகடம் தொழிற்பேட்டையில் இருக்கிறது. உணவில் கிருமியும் பூஞ்சையும் விட்டுச்செல்கிற நஞ்சைக் கண்டுபிடிப்பது என் வேலை. இங்கே வருவதற்கு முன்னால் ஆறு வருடம் ஒரே ஒரு நஞ்சின் பின்னால் ஆராய்ச்சி என்று அலைந்தவள் நான். பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமி, சோற்றில் வளர்ந்து செரூலைடு என்ற நஞ்சைக் கக்கும். "சோத்துக்கு பிஎச்டி வாங்கினவ" என்று வீட்டில் இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்து பாக்டரி ஒன்றில் மாலை டிபனுக்கு எலுமிச்சை சாதம் போட்டார்கள். ஐந்து மணிக்குச் சாப்பிட்டு ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலைக்கு நின்ற பெண்களில் இருபத்தாறு பேர் ஏழு மணிக்குள் வாந்தி எடுத்து விழுந்தார்கள். இரண்டு நாளில் எல்லோரும் தேறிவிட்டார்கள். அதே ஐந்து மணி இடைவேளையில் காஞ்சனா என்கிற அசெம்பிளி லைன் பெண் தன் பிறந்தநாளுக்கு கேக் வெட்டியிருந்தாள். கேன்டீன் கான்ட்ராக்டரின் மேனேஜர் ஹேமந்துக்கு அது போதுமாக இருந்தது. வெளியிலிருந்து வந்த கேக்கால்தான் எல்லாம் என்று முடிவு கட்டிவிட்டார். கேன்டீன் உணவு சுத்தம் என்று எங்களிடமிருந்து ஒரு காகிதம் கிடைத்தால் பாக்டரி நிர்வாகம் அவளை வெளியே அனுப்பிவிடும்.

கேன்டீனில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கரண்டி எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஏதாவது ஆனால் அதைத்தான் லேபுக்கு அனுப்புவார்கள். ஹேமந்தும் அனுப்பினார். பரிசோதித்தேன். சுத்தம். குழந்தைக்கு ஊட்டலாம், அவ்வளவு சுத்தம்.

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோதுதான் டப்பாவின் லேபிளைச் சரியாகப் பார்த்தேன். 'எலுமிச்சை சாதம், மாலை டிபன், காலை 10.45.' ஐந்து மணிக்குப் போட்ட சாதத்தைக் காலையிலேயே எப்படி எடுத்தார்கள்? எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நேராக அந்தக் கேன்டீனுக்குப் போனேன்.

சமையல்காரர் பேச்சிராஜ் ஒன்றையும் மறைக்கவில்லை.

"சாம்பிள் எடுக்குற சூப்பர்வைசருக்கு ரெண்டு மணிக்கு டியூட்டி முடிஞ்சிரும் மேடம். பதினோரு மணிக்குள்ள ஃபாரத்துல எல்லாக் கட்டத்தையும் நிரப்பணும். அதனால காலைல வடிச்ச சுடுசோத்துல ஒரு கரண்டி எடுத்து, மஞ்சப்பொடியும் எலுமிச்சையும் விட்டுப் பெசைஞ்சு வச்சிருவோம். தெனமும் இப்படித்தான் எடுக்கோம்."

"அப்ப சாயங்காலம் போடற சாதம்?"

"மத்தியானம் மிஞ்சுன சோறு. அண்டாவுல மூடி வச்சிருப்போம். நாலரைக்குத் தாளிப்போம்."

அண்டா அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. காலை பத்தரை முதல் மாலை நாலரை வரை, வெதுவெதுப்பாக ஆறு மணி நேரம். அந்தக் கிருமிக்கு இதைவிட நல்ல வீடு யாரும் கட்டிக் கொடுக்க முடியாது. பேச்சிராஜ் யாரையும் ஏமாற்றவில்லை, ஃபாரத்தை நிரப்பினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஹேமந்தின் அறைக்குப் போய் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "சூடா வாணல்ல போட்டுக் கிளறித்தானே மேடம் குடுக்கறாங்க? எந்தக் கிருமி உசுரோட இருக்கும்?"

"கிருமி செத்துடும் சார். அது ஏற்கெனவே கக்கின விஷம் சாகாது. பிரஷர் குக்கர்ல ஒன்றரை மணி நேரம் வெச்சாலும் அப்படியே இருக்கும்."

"அன்னிக்கு சாதத்துல அது இருந்துச்சுன்னு ப்ரூஃப்?"

அண்டாவை அன்றைக்கே கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். சோதிக்க ஒரு பருக்கைகூட மிச்சமில்லை.

அதே அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காஞ்சனா உட்கார்ந்திருந்தாள். விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். 'என் கேக்கால்தான் இப்படி ஆனது' என்று அவர்களே அடித்துவைத்த கடிதம் மேஜைமேல் இருந்தது. அவள் பேனாவைத் தொடவே இல்லை.

"கேக் நீயும் சாப்ட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பீஸ் சாப்ட்டேன் மேடம்."

"வாந்தி வந்துச்சா?"

"இல்ல."

"சாதம் சாப்ட்டியா?"

அவள் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். கேன்டீன் உணவை வெளியே எடுத்துச் சென்றால் பணிநீக்கம் என்று போர்டு மாட்டியிருந்தது. பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"சாப்புடல. அஞ்சு பத்துக்கு டப்பால போட்டு வெச்சு, எடுத்துக்கினு பூட்டேன். என் தங்கச்சிக்கு. எனக்கு அன்னிக்கு ஓ.டி. இல்ல, அஞ்சரைக்கே கெளம்பிட்டேன். ஆறே காலுக்கெல்லாம் வூட்டு ஃபிரிட்ஜ்ல வெச்சுட்டேன். எல்லாரும் வாந்தி எடுக்கறாங்கன்னு ஃபோன் வந்துச்சு. அவளத் தொட வுடல. என் தலைலதான் கட்டுவாங்கன்னு அப்பவே தோணுச்சு. கொட்டாம வெச்சிருக்கேன். டப்பா இன்னும் அப்டியே கீது."

"போர்ட படிச்சியா?" என்றார் ஹேமந்த்.

"படிச்சேன் சார். எப்டியும் வெளிய அனுப்பத்தான் போறீங்க. பொய்க்குப் போறதுக்கு நெஜத்துக்கே போறேன்."

சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருக்கும் வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போய், இரண்டு மணி நேரத்தில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.  

அந்தச் சாதத்தில் செரூலைடு இருந்தது, ஒரு ஆளைக் கவிழ்க்கப் போதுமானதற்கு மேலேயே. ஒரு மணி நேரம் கைப்பையில் இருந்ததால் இவ்வளவு நஞ்சு வராது. அதற்குப் பல மணி நேரம் வேண்டும், ஒரு அண்டா வேண்டும்.

"திருட்டுத்தனமா எடுத்த டப்பால்லாம் சாம்பிள் இல்லம்மா" என்றார் வரதராஜுலு. "அவங்க குடுத்தத மட்டும் எழுது."

அப்போதுதான் யோசிக்கச் சொன்னார். நான் இரண்டையும் எழுதினேன். ஒன்று, பரிமாறுவதற்கு ஆறு மணி நேரம் முன்பே எடுக்கப்பட்ட சாம்பிள்: நஞ்சு இல்லை. இரண்டு, பரிமாறியபோது ஒரு தொழிலாளி எடுத்த உணவு: நஞ்சு உண்டு. கீழே என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர் கண்ணெதிரிலேயே ஹேமந்துக்கும் பாக்டரி நிர்வாகத்துக்கும் அனுப்பினேன். பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டே அனுப்பினேன்.

கேக் பேச்சு அதோடு நின்றது. ஆனால் திங்கட்கிழமை காஞ்சனாவுக்கு மெமோ வந்தது. உணவை வெளியே எடுத்ததற்கு விளக்கம் கேட்டு. ஃபோனில் சொன்னாள். "என்ன பண்ணப் போற?" என்றேன். "பாக்கலாம் மேடம்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு லேப் வாசலில் வரிசையாக ஷேர் ஆட்டோக்கள் வந்து நின்றன. யூனிபார்மோடு பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு டிபன் டப்பா. கவுன்டரில் இடம் போதாமல் தரையில் அடுக்கினார்கள். நாற்பத்தொன்று. ஒவ்வொரு மூடியிலும் லைனில் பாகங்களுக்கு ஒட்டுகிற மஞ்சள் டேப், அதில் பெயர், தேதி, 'மாலை 5.10'. உள்ளே ஒரு கரண்டி டிபன்.

காஞ்சனா ஒரு காகிதத்தை நீட்டினாள். "மெமோவுக்கு பதில் மேடம். படிச்சுப் பாத்து சொல்லுங்க."

'எடுத்தேன். இனிமேலும் எடுப்பேன்.' அவ்வளவுதான் எழுதியிருந்தாள். கீழே நாற்பத்தொரு கையெழுத்து.

வரதராஜுலு உள்ளேயிருந்து வந்து டப்பாக்களைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"யோசிச்சியாம்மா?"

"யோசிச்சேன் சார்" என்றேன். சாம்பிள் ரிஜிஸ்டரைத் திறந்து முதல் டப்பாவை எடுத்தேன். "பேர் சொல்லுங்கம்மா."