அச்சிமுகம்மதுவின் பீரிசு

ஜும்ஆ முடிந்து, கல்முனைக்குடியின் ஆண்பிள்ளைகள் எல்லாரும் வயிறு முட்டச் சோறு தின்றுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, ஸகியா அலுமாரியிலிருந்து அந்தப் பீரிசை எடுத்தாள். தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கிற சாதாரணப் பீங்கான் தட்டுத்தான். விளிம்பில் நீலக் கோடு, ஒரு பக்கம் சின்னதாக உடைந்த வாய். அவளுடைய புருசன் அச்சிமுகம்மது ஹயாத்தோடு இருந்த காலத்தில் கோப்பையில் தேத்தண்ணி குடித்ததே கிடையாது. பீரிசில் ஊற்றி, ஊதி, ஊருக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சினால்தான் அவனுக்குத் தேத்தண்ணி இறங்கும். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் மாட்டை அவிழ்த்துவிடப் போனவன்மேல் தென்னை விழுந்து, அவன் மௌத்தாகி மூன்று வருடம். கோப்பை எப்போதோ உடைந்துபோனது. பீரிசு மட்டும் மிஞ்சி, இந்த ஒரு மாதமாக வெள்ளிக்கிழமை தோறும் அவனுக்காகக் கதைத்துக்கொண்டிருந்தது.

கதை என்றால் பெரிய கதை ஒன்றுமில்லை. ஓம், இல்லை, அவ்வளவுதான். அச்சிமுகம்மதுவின் மூத்த சகோதரி பாத்தும்மாவின் மகள் கமீலா ஆசிரிய கலாசாலை விடுதியிலிருந்து கொண்டுவந்த வித்தை அது. காய் சுண்டி விளையாடுகிற கரம் போட்டில் பவுடரைத் தூவி, பீரிசைக் கவிழ்த்து வைத்து, மூன்று பேர் ஆளுக்கொரு விரலை அதன் முதுகில் வைத்து, மௌத்தானவரைப் பேர் சொல்லி அழைக்க வேண்டும். முதலில் எழுத்தெல்லாம் எழுதித்தான் பார்த்தார்கள். ககர வரிசை முடிவதற்குள்ளேயே கரம் போட்டில் இடம் முடிந்துபோனது. சரி, ஹயாத்தில் பெரிதாகக் கதைக்காத மனிசன் மௌத்தான பிறகா கதைக்கப்போகிறான் என்று, ஒரு மூலையில் ஓம், எதிர் மூலையில் இல்லை என்று சோக்கால் எழுதிவிட்டு மற்றதை எல்லாம் பாத்தும்மா சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

பள்ளிவாசல் லெப்பைக்குத் தெரிந்தால் நார் நாராகக் கிழித்துவிடுவார் என்பது மூன்று பேருக்கும் தெரியும். மூன்றாவது ஆள் சின்னத்தங்கம், மீன் விற்கிறவள். காலையில் கூடையை விற்று முடித்துவிட்டு ஸகியா வீட்டுக் குசினிக்குள் வந்து காலை நீட்டினால் பொழுது சாய்ந்துதான் எழும்புவாள். பாத்தும்மா கலிமா ஓதித் தொடங்குவாள், சின்னத்தங்கம் பிள்ளையாரை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்வாள். இரண்டு பக்கத்தாலும் காவல் இருக்கிறது என்று ஸகியாவுக்கு ஒரு தைரியம்.

அவளுக்கு அந்தப் பீரிசு வேண்டியிருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கலியாணம் முடித்த இரண்டாம் வருடம் அச்சிமுகம்மதுவுக்கு ஒரு கடும் காய்ச்சல். பிதற்றுகிற பிதற்றலில், "நான் மௌத்தாப் போனா நீ வேற ஆளக் கட்டுவாய் என்ன?" என்று கேட்டான். கட்ட மாட்டேன் என்று அவள் அவனுடைய தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டாள். காய்ச்சல் விட்டதும் அவனுக்கு அது ஞாபகமே இல்லை. அவளுக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் லெப்பையின் பெண்சாதி மூலம் கேட்டனுப்பியபோது, சத்தியத்தை முறிக்க வேண்டிவந்தால் பத்து ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கலாம், இயலாவிட்டால் மூன்று நோன்பு போதும் என்று பதில் வந்தது. அவள் பத்துப் பேருக்கு ஆக்கியும் போட்டாள், மூன்று நோன்பும் பிடித்தாள். அல்லாஹ் மன்னித்திருப்பான், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அச்சிமுகம்மது மன்னித்தானா என்பதுதான் தெரியவில்லை.

ஏன் இப்போது அந்தச் சத்தியம் ஞாபகம் வரவேண்டும் என்றால், அதற்குக் காரணம் ஸமட் மாஸ்டர். பொத்துவில்காரர், இங்கே விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவர். நான்கு தங்கச்சிமாருக்கு நான்கு வீடு கட்டி, நான்கு மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் தனக்கு நாற்பத்தொரு வயது. ஸகியா வெளியூர் வாத்திமாருக்குச் சோறு ஆக்கிக் கொடுத்துத்தான் சீவித்தாள். ஒருநாள் சோற்றுக் கரியரைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், வேலிக்கு அப்பால் நின்று, பாரைமீன் ஆணம் நல்லாயிருந்தது என்று சொல்கிற அதே குரலில், "இஞ்சயே இருந்து சாப்பிட்டா என்ன எண்டு யோசிக்கன், கலியாணம் முடிச்சிட்டு" என்றார். கரியரின் மூடி அவள் கையிலிருந்து விழுந்து முற்றமெல்லாம் உருண்டது. அந்தச் சத்தத்துக்கு அடுத்த வளவிலிருந்து பாத்தும்மா ஓடிவந்தாள்.

பாத்தும்மா விடுவாளா. "என்ட தம்பி படுத்த கட்டில்ல பொத்துவிலான் ஒருத்தன் கால் நீட்டுறத நான் ஹயாத்தோட இருந்து பாக்க மாட்டன்" என்று கடற்கரை வீதி வரைக்கும் கேட்கச் சொன்னாள். கடைசியில், தம்பியிடமே கேட்டுவிடுவோம், அவன் இல்லை என்பான், விசயம் முடிந்தது என்று பீரிசைக் கவிழ்த்ததும் அவள்தான். பீரிசு ஓம் என்றது. மறு வெள்ளியும் ஓம். அதற்கு மறு வெள்ளியும், வழியில் நிற்காமல், வழுக்கிக்கொண்டு போய் ஓமில் முட்டி நின்றது. ஸகியாவுக்கு அன்றைக்குச் சோற்றில் உப்புப் போட்டோமா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு சந்தோசம். அடுத்த நாள் கரியருக்குள் ஒரு துண்டுக் கடுதாசி வைத்து அனுப்பினாள்: அவர் சம்மதித்துவிட்டார்.

அவர் என்றால் யார் என்று கேட்டுக்கொண்டு மாஸ்டர் நேரில் வந்து நின்றார். விசயத்தைக் கேட்டதும் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாளைக்கு ஆணத்துல உப்புக் கூடிட்டெண்டு நான் ஒரு கதை கதைச்சா, நீங்க பீரிசக் கொண்டாந்து வெப்பீங்க. மறுகா நான் ஆரோட சண்டை புடிக்கிற, உங்களோடயா, பீரிசோடயா?"

"ஓமெண்டுதானே சொன்ன. உங்களுக்கு இன்னும் என்ன வேணும்?"

"ஆரு சொன்னயெண்டு தெரியணும். பீரிசு தானா அசைஞ்சிருந்தா ஸலாம் சொல்லி ரெண்டு கையாலயும் ஏத்துக்குவன். என்ட கொப்பியிலயும் அப்பிடியே எழுதி வெப்பன். விரல் தள்ளியிருந்தா அதையும் எழுதுவன்."

மடையன், நல்ல சொல்லைக் கெடுக்க வந்திருக்கிறான் என்று ஸகியாவுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலுக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. அந்தப் பயம் அவளுக்குப் புதிதில்லை. அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அவளுக்குத் தெரியுமல்லவா. தன் விரலே தள்ளிவிட்டு, மௌத்தான மனிசன் மேல் பழியைப் போட்டிருந்தால்? உள்ளே போனவள் திரும்பி வந்து கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள்:

"சரி, பாருங்க. ஆனா தள்ளினது என்ட விரலா இருந்தா, நான் மையித்தையே ஏமாத்தின ஆள். நீங்க வந்த வழியால போயிரணும். மறுகா கரியரும் வராது."

மாஸ்டர் துடைத்த கண்ணாடியையே இன்னொரு தரம் துடைத்தார். ஆனாலும் ஓம் என்றார்.

அந்தப் பரிசோதனைக்கான வெள்ளிக்கிழமைதான் இது. மாஸ்டர் கொப்பி மட்டையைப் பெருவிரல் அகலத்துக்கு ஆறு துண்டாக வெட்டிக்கொண்டு வந்திருந்தார். மெழுகுதிரியை உருக்கித் தேங்காயெண்ணெய் கலந்து இளகலாக்கி, அதை நடுவில் தடவி, இரண்டிரண்டாக ஒட்டினார். மூன்று சோடிச் சீட்டு. அவற்றைப் பீரிசின் முதுகில் பசையால் ஒட்டி, ஒவ்வொரு சோடியின் ஓரத்திலும் மேல்சீட்டுக்கும் கீழ்ச்சீட்டுக்கும் சேர்த்துப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

"விரல் மேல்சீட்டுல இரிக்கும். கீழ்ச்சீட்டு பீரிசோட இரிக்கி. விரல் தள்ளினா மேல்சீட்டு முந்திப் போகும். பீரிசு விரல இழுத்துக்கிட்டுப் போனா மேல்சீட்டு பிந்தும். கோடு முறியிற விதத்துல தெரிஞ்சிரும்."

"மீன் தராசவிட மோசமாக் கிடக்கே இது" என்றாள் சின்னத்தங்கம்.

பாத்தும்மா கையைக் கழுவி, முக்காட்டை இழுத்துவிட்டு, போருக்குப் போகிறவள் மாதிரி உட்கார்ந்தாள். சீட்டுகளை ஒரு துணியால் மூடி, விரலை மட்டும் துணிக்குள் விடச் சொன்னார் மாஸ்டர். கலிமா ஓதியானது. வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. ஸகியா கேட்டாள்:

"நான் ஸமட் மாஸ்டர முடிக்கலாமா?"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பீரிசு ஒரு நடுக்கம் நடுங்கி, பவுடரில் மெல்ல நகரத் தொடங்கியது. ஓமை நோக்கித்தான். ஸகியா பல்லைக் கடித்துக்கொண்டு விரலை இறுக்கினாள். நான் தள்ளவில்லை, நான் தள்ளவில்லை என்று மனதுக்குள் ஓதிக்கொண்டே போனாள். பீரிசு போய் ஓமில் நின்றது.

"விரல நேரா மேல தூக்குங்க" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் துணியை எடுத்தார். குனிந்து, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, மூக்கு முட்டப் பார்த்தார். ஸகியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சின்னத்தங்கம் அக்காட சீட்டு கொஞ்சம் பிந்தியிரிக்கி. இழுபட்டுப் போயிரிக்கீங்க."

"நான் மீன் வித்த களையில சும்மா வெச்சிட்டு இருந்தன்" என்றாள் சின்னத்தங்கம்.

"ஸகியாட சீட்டு" என்று தொடங்கியவர் இன்னும் ஒரு தரம் குனிந்து பார்த்தார். "நல்லாப் பிந்தி இரிக்கி. ரெண்டு நெல்லுமணி அளவு. இவங்க தள்ளவே இல்ல."

ஸகியா கண்ணைத் திறந்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னாள். நெஞ்சிலிருந்து ஒரு மூடை நெல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பிறகுதான் எல்லாருமாக மூன்றாவது சீட்டைப் பார்த்தார்கள். மேல்சீட்டு கீழ்ச்சீட்டைத் தாண்டி, எண்ணெயில் வழுக்கி, பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் ஓமுக்கே எட்டிக் குதித்திருக்கும்.

"அது ஆர்ர?" என்று பாத்தும்மா கேட்டாள், தன்னுடையது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே.

சின்னத்தங்கம் அந்தச் சீட்டையும் பாத்தும்மாவின் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வல்லாஹி நான் தள்ளல்ல. நான் வேணாமெண்டு கத்தின ஆளெல்லுவா?"

"நீங்க தள்ளினது உங்களுக்கே தெரியாது ராத்தா" என்றார் மாஸ்டர். "மனசு நினைச்சா கை கேக்காமலே செய்யும். பொய்யெண்டு நான் சொல்லல்ல."

நம்பவில்லை பாத்தும்மா. இன்னொரு முறை வைக்கச் சொன்னாள், இந்த முறை துணி வேண்டாம், தன் சீட்டைத் தானே பார்த்துக்கொண்டிருப்பேன் என்றாள். மாஸ்டர் புதுச் சீட்டு ஒட்டினார். பாத்தும்மா தன் விரலையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, பீரிசு ஓமுக்கும் போகவில்லை, இல்லைக்கும் போகவில்லை, நட்டுவைத்த மாதிரி நின்றது. அஸர் பாங்கு சொல்லும்வரை நின்றது. "மனிசன் களைச்சிப் போய்ப் படுத்திட்டான்" என்று சின்னத்தங்கம் சொன்னதும் பாத்தும்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவள் சிரிப்போடு சிரிப்பாக அழவும் தொடங்கினாள்.

"நான் என்னகா செய்யிற. ஒவ்வொரு நாளும் வேலிக்கு மேலால பாக்கன். பத்து வாத்திமாருக்கு ஆக்கி அனுப்பிட்டு, நீ மூலையில தனிய இருந்து சட்டிய வழிச்சித் தின்னுறாய். அவன் இருந்திருந்தா இதப் பாத்துட்டு இரிப்பானா? வாயாலதான் புள்ள நான் வேணாமெண்டன்."

ஸகியா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மதினியின் முக்காட்டில் பவுடரும் மெழுகும் மணத்தது. அச்சிமுகம்மதுவின் மூக்கு, அவனுடைய மோவாய், கோபம் வந்தால் துடிக்கிற அதே இடது இமை, எல்லாம் இந்த முகத்தில் இருப்பதை அவள் இத்தனை நாளும் கண்டும் காணாமலும் இருந்திருக்கிறாள். காய்ச்சல் விட்ட மறுநாள் அவன் பீரிசில் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு, என்ன கேட்டேன் என்றே ஞாபகமில்லாமல் அவளைப் பார்த்துச் சிரித்ததும் ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்பு போதும் என்று தோன்றியது.

மாஸ்டர்தான் ஒரு மாதிரி இருந்தார். கொப்பியில் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, எழும்பி, குடையைத் தேடினார்.

"எங்க போறீங்க?" என்றாள் ஸகியா.

"பரிசோதனை முடிஞ்சிது. நீங்க ஏமாத்தல்ல. அது நல்லது." கொப்பியை மூடினார். "ஆனா உங்கட சீட்டுத்தான் எல்லாத்தையும் விடப் பிந்திக் கிடந்த. உங்கட விரலுக்கு ஓமெண்டு சொல்ல விருப்பம் இருக்கல்ல. நான் அதையும் எழுதித்தான் இரிக்கன்."

ஸகியா அவரைப் பார்த்தாள். இவ்வளவு படித்த மனிசனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று ஒரு பக்கம் சிரிப்பும், மறுபக்கம், நாலு வீடு கட்டிக் கொடுத்தும் தனக்கென்று ஒன்றைக் கேட்டுப் பழகாத மனிசன் என்று பாவமும் வந்தது. ஏமாற்றிவிடக் கூடாதே என்று ஒரு மாதமாக அந்த விரலை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள், நகக்கண் வலிக்க வலிக்க. அதைச் சொல்லப்போனால் பொழுது விடிந்துவிடும்.

"இருங்க" என்றாள்.

கரம் போட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பாத்தும்மாவும் சின்னத்தங்கமும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். ஸகியா பீரிசை நடுவுக்கு எடுத்து வைத்து, கலிமா ஓதாமல், யாரையும் பேர் சொல்லி அழைக்காமல், ஒற்றை விரலைத் தன் சீட்டின் மேல் வைத்தாள். பீரிசு பவுடரில் சரசரவென்று நகர்ந்தது. பழக்கதோசத்தில் மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு பென்சில் கோட்டைப் பார்க்கக் குனிந்தார்.

"சீட்டப் பாக்காதீங்க" என்றாள் ஸகியா, விரலை எடுக்காமல். "என்னப் பாருங்க."