‘தெகி’க்கு இரண்டு அர்த்தம்

1

இந்தக் கதை என் வீட்டுக் கதவிலிருந்து வந்தது. ஸ்ரீராம்புரத்தில் தச்சு வேலைக்கு வந்தவரிடம், “பாகிலு தெகி” என்றேன். கதவைத் திறக்கச் சொன்னேன். அவர் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார். கன்னடத்தில் ‘தெகி’ என்றால் திற. எடு என்றாலும் அதுதான். தப்பு அவருடையது இல்லை.

கதவு போனதற்குச் சிரித்துவிட்டேன். எது போனால் சிரிக்க முடியாது என்று யோசித்தேன்.

2

மழை விட்டிருந்த ஒரு மாலையில் ஆஞ்சலா

(வேண்டாம். மழைக்கு இதில் வேலை இல்லை.)

ஆஞ்சலாவுக்கு ஆறாம் மாதம். வீடு கோலார் தங்கவயலில். வேலை ஆடுகோடியில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது. தினமும் நாலு மணி நேர ரயில், பாதி தூரம் நின்றபடி. டாக்டர் கூடவே கூடாது என்றுவிட்டார்.

மேலதிகாரி சேஷகிரிதான் வழி சொன்னார். நிலையத்தின் இணையம் முழுக்க ஒரு கேட்வே பெட்டி வழியாகத்தான் போய்வருகிறது. மெயின் லைன் செத்தாலும் வீட்டிலிருந்தே அதற்குள் நுழைய, சிம் கார்டு வழியாக இன்னொரு பாதை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குச் சோதனை, முதலாளி முன்னிலையில். தேறினால் பிரசவம்வரை வீட்டிலேயே வேலை. இல்லையென்றால் ரயில், அல்லது ராஜினாமா.

3

ஆஞ்சலா லேப்டாப்போடு உட்கார்ந்தாள். கணவன் குணசேகர் எட்டிப் பார்த்தான்.

“இன்னா, இங்க குந்திக்கினே அங்க பூட்டைத் தெறக்கப் போறியா? திருடனுங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்ட.”

“சும்மா இருய்யா. சார் லைன்ல வராரு.”

சேஷகிரி அவசரத்தில் இருந்தார். “சிம் லைன்ல அந்த போர்ட் தெகிம்மா. முதலாளி வந்துட்டாரு.” வைத்துவிட்டார்.

போர்ட் என்றால் வாசல். அதைக் காலையிலேயே திறந்து வைத்துவிட்டாள்; அது அவருக்குத் தெரியாது. திறந்திருப்பதை யாராவது திறக்கச் சொல்வார்களா? எடுக்கத்தான் சொல்கிறார். பத்திரமாக வேறொன்று போடுவாராக்கும்.

மெயின் லைன் வழியாக உள்ளே போய் எடுத்துவிட்டாள்.

(இவ்வளவு கெட்டிக்காரி இதைச் செய்வாளா? இந்த இடத்தில் இரண்டு நாள் பேனாவை மூடி வைத்தேன். பிறகு தெளிந்தது. கன்னடம் தெரியாதவள் “இன்னா சார்?” என்று கேட்டிருப்பாள். இவளுக்குத் தெரியும். அதுதான் வினை.)

4

நாலு மணி. சேஷகிரி மெயின் கேபிளைப் பிடுங்கினார். “ஹ்ம், உள்ள போம்மா.”

திரையில் சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஆஞ்சலாவுக்குப் புரிந்துவிட்டது.

“ஏனாயித்து?” என்று முதலாளி கேட்பது போனில் கேட்டது.

“என்னாச்சும்மா?” என்றார் சேஷகிரி.

“சிம்முக்கு டவர் இல்லேன்னு சொல்லு,” என்று குணசேகர் கிசுகிசுத்தான்.

5

இரண்டு முடிவு எழுதினேன்.

ஒன்றில், டவர் இல்லை என்கிறாள். கேபிள் திரும்ப ஏறுகிறது; அவள் சத்தமில்லாமல் வாசலை மறுபடி வைக்கிறாள்; மறுசோதனை தேறுகிறது. ஆனால் பெட்டியின் பதிவில் ‘ஆஞ்சலா, 3.52, நீக்கம்’ என்று ஒரு வரி கிடக்கும். சேஷகிரி ஒருநாள் பார்ப்பார், பார்க்காமலும் போகலாம்.

இன்னொன்றில், உள்ளதைச் சொல்கிறாள். பாதித் தப்பு முதலாளி எதிரில் சேஷகிரியின் தலையில் விழுகிறது. அவளுக்காக வாய் திறந்த ஒரே ஆள் அவர்.

வார இதழுக்கு முதலாவது தோது. அதன் ஆசிரியரோ இரண்டாவதைக் கேட்கிறார். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

போன் அவள் வாயருகே இருக்கிறது. மேற்கோள் குறி போட்டாயிற்று, வாக்கியம் உங்களுடையது.

“சார்,