அக்கா கட்டிய அட்டை

நான் குணசீலனின் மார்ச் பதினொன்றாம் தேதி. முழு ஆள் அல்ல, அந்த ஒரு நாள் மட்டும். மற்ற நாள்களும் இதே தாழ்வாரத்தில்தான் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் முந்தைய நாளின் சட்டை நுனியைப் பிடித்திருப்போம். கடைசி ஆளின் கழுத்தில் குணசீலன் என்ற பெயர்ப்பலகை தொங்கும். மறுநாள் வந்ததும் பலகை அவருக்குப் போய்விடும்.

என் கழுத்திலும் ஒரு நாள் தொங்கியது. அன்றுதான் பதினொரு வருஷம் கழித்து அக்கா சம்பூர்ணத்துக்குப் போன் செய்தேன். தப்பு என்னுடையதுதான் என்றேன். அக்கா, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

மறுநாள் காலை குணசீலனுக்கு வெட்கமாகிவிட்டது. பத்தாம் தேதிக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து வேறொரு பதினொன்றைத் தொடங்கினார். அந்தப் பதினொன்று போனே செய்யவில்லை. அடுத்து வந்தவர்கள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். என் சட்டையை யாரும் பிடிக்கவில்லை.

அப்படி நிற்பவர்களைச் சனிக்கிழமை நாலு மணிக்குப் பெருக்கிவிடுவார்கள். அந்தப் போனும் என்னோடு போய்விடும். கவுண்டரில் சுலைகா மேடத்திடம் கேட்டேன்.

"நான் பத்தாம் தேதியைப் பிடிச்சிருக்கேனே மேடம்."

"நீங்க பிடிச்சா செல்லாது சார். உங்களை யாராவது பிடிக்கணும்."

இல்லாவிட்டால் வெளியாள் வந்து அட்டை கட்டினாலும் பெருக்க மாட்டார்கள் என்றார். யார் கட்டியது, என்றைக்கு, எதற்காக என்று அதில் எழுத வேண்டும். கட்டிய அட்டை பலகையைப் போல ஆள் மாறாது. எனக்கு வருத்தமாக இருந்தது. வருத்தத்துக்கு அங்கே படிவம் இல்லை.

விஷயம் கேள்விப்பட்டு, சனிக்கிழமை மூன்றரைக்கு அக்கா வந்தாள். கையில் அட்டையும் சணலும். சுலைகா மேடத்திடம், குணசீலனைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"பேரைச் சொன்னா இன்னைக்கு இருக்கறவர்கிட்டதான் விடுவோம். அந்த நாளோட நம்பர் தெரியுமா?"

"என் தம்பிக்கு எதுக்கும்மா நம்பர்?"

என் நம்பர் எண்ணும் எழுத்துமாய் நாற்பது. முதல் ஏழு மட்டும் சொன்னாலே போதும். கத்திச் சொன்னேன். தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. குரல் பாதி வழியில் நின்றுவிட்டது.

அக்கா இன்றைய ஆளின் கையில் அட்டையைக் கட்டினாள். தையல்காரரிடம் அளவு கொடுப்பவர் போல அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். எழுதியதை அக்கா அவருக்குப் படித்துக் காட்டினாள். 'எனக்குப் போன் செய்தவன். சம்பூர்ணம், சனிக்கிழமை.' முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.

"சாப்பிட்டியாடா?"

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"சாப்பிட்டேன்க்கா," என்றேன் நான்.

நாலு மணிக்குப் பெருக்குகிறவர் வந்து, அட்டை இல்லாத என் கையைப் பார்த்தார். காலைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன்.